யாருடைய வழக்கம்

அந்த வெங்காய வியாபாரி என்னைத் தேடிக் கல்லூரிக்கு வந்தபோது என் படிப்பைப் பற்றியோ அனுபவத்தைப் பற்றியோ எதுவும் கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும், "டீச்சருக்குச் சொந்த ஊரு எதுங்க?" என்றார்.

"செந்துறைப் பக்கங்க."

"செந்துறைல எந்தப் பக்கம்?"

ஊர்ப்பெயரைச் சொன்னேன். அவருக்கு அந்த ஊர் தெரிந்திருந்தது. "ஊருக்குள்ளயேவா, இல்ல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "காலனிங்க" என்றேன். "அதுக்கென்னங்க, அதுக்கென்னங்க" என்று இரண்டு முறை சொன்னார். அதற்குப் பிறகு அவருடைய பேச்சில் மரியாதை கொஞ்சம் கூடியது. அந்தக் கூடுதல் மரியாதையை நான் எப்போதும் சந்தேகிப்பேன்.

அரியலூரில் ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். பக்கத் தொழிலாகப் பத்திரங்களையும் கோர்ட் காகிதங்களையும் மொழிபெயர்த்துக் கொடுப்பேன். அந்த வழியில்தான் இந்த வேலை வந்தது. பெரம்பலூர்க்காரரான அந்த வியாபாரி மலேசியாவுக்குச் சின்ன வெங்காயம் அனுப்பியிருந்தார். அங்கே போய்க் கன்டெய்னரைத் திறந்தபோது பாதி முளைவிட்டிருந்தது, மீதி அழுகியிருந்தது. ஈரச் சரக்கை ஏற்றிவிட்டார் என்றார் வாங்கியவர். துறைமுகத்தில் திறக்காமல் போட்டு வைத்து அழுக விட்டுவிட்டார் என்றார் இவர். தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் ஒரு நடுவரிடம் போவதாக இருவரும் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தார்கள். எந்த நாட்டுச் சட்டப்படி அவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்று எழுத மறந்துவிட்டார்கள்.

ஒப்பந்தப்படி விசாரணைக்குச் சிங்கப்பூர் போயிருக்க வேண்டும். வியாபாரிக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்து அதிக நாள் ஆகவில்லை, விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குடோனையும் நேரில் பார்க்க வேண்டும் என்பதால் நடுவரே பெரம்பலூருக்கு வருவதாக முடிவானது. வியாபாரிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அவர் சொல்வதை ஆங்கிலத்திலும் கேள்விகளைத் தமிழிலும் சொல்ல ஒரு ஆள் வேண்டும், இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆளாக இருக்க வேண்டும். வியாபாரியின் வக்கீல் என் பெயரைக் கொடுத்தார், எதிர்த்தரப்பும் சரி என்றது. வியாபாரி என்னைப் பார்க்க வந்தது அதன் பிறகு.

கிளம்பும்போது, "நம்ம ஜில்லாக்காரங்க, நம்ம பக்கம் பாத்துச் சொல்லுவீங்கல்ல?" என்றார்.

"நான் யார் பக்கமும் இல்லைங்க சார். நீங்க சொல்றத அப்படியே சொல்லுவேன்."

அவர் சிரித்தார். நம்பாத சிரிப்பு.

அவருடைய வக்கீல் சென்னையிலிருந்து வந்த இளம்பெண். விசாரணைக்கு முந்திய நாள் எனக்குச் சில சொற்களை விளக்க வேண்டும் என்று அரியலூர் வந்தவர், என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு பெரம்பலூர் கிளம்பினார். போகும் வழியில் பேசினோம். சிமென்ட் லாரிகள் எங்களை ஒதுக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

"நாங்க இந்தியச் சட்டம் வேணும்னு கேட்டோம். அவங்க மலேசியச் சட்டம் கேட்டாங்க. நடுவர் ரெண்டும் வேணாம்னுட்டாங்க" என்றார் வக்கீல்.

"அப்போ சிங்கப்பூர்ச் சட்டமா?"

"அதுவும் இல்ல மேடம். எந்த நாட்டுச் சட்டமும் இல்ல. சர்வதேச வியாபாரத்துக்குன்னு பொதுவா சில விதிகள் இருக்கு. பல நாட்டுச் சட்ட அறிஞர்கள் சேர்ந்து தொகுத்தது. அதோட வியாபாரிங்க நடுவுல இருக்கற வழக்கம். இதை வச்சு முடிவு பண்ணுவாங்க."

"எந்தச் சட்டசபைல நிறைவேத்துனது?"

"எதுலயும் இல்ல."

"கெசட்ல வந்திருக்கா?"

அவர் சிரித்துவிட்டார். "கெசட்லாம் இல்ல மேடம். ஆனா உலகம் பூரா இதை ஒத்துக்கறாங்க."

உலகம் பூரா என்றால் யார் யார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

என் அக்காவின் கல்யாணத்தின்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா சிமென்ட் ஆலையில் லோடிங் வேலைக்குப் போய் நிரந்தரமாகியிருந்தார். அதற்கு முன்பு எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அடுத்தவர் காட்டில்தான் வேலை செய்தார்கள். பெண் அழைப்பை ஊருக்குள் இருக்கும் பெரிய தெரு வழியாகக் கொண்டுபோக வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. பெரிய தெருக்காரர்கள் வந்தார்கள். சத்தம் போடவில்லை, திட்டவில்லை. "அந்த வழக்கம் இல்லையேப்பா" என்றார்கள். அவ்வளவுதான். யார் போட்ட வழக்கம் என்று அப்பா கேட்டார். "யாரும் போடல, எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றார்கள். அப்பா தாலுகா ஆபீசுக்குப் போனார், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். பொதுத் தெரு எல்லோருக்கும் பொது என்று அச்சடித்த சட்டத்தில் இருந்தது. அதைக் காட்டித்தான் பெண் அழைப்பு அந்தத் தெரு வழியாகப் போனது, இரண்டு போலீஸ்காரர்கள் முன்னால் நடக்க. அதற்குப் பிறகு வெகு காலம் எங்கள் தெரு ஆட்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. மளிகைக் கடையில் எங்களுக்கு மட்டும் சாமான் தீர்ந்துபோயிருந்தது.

அதனால் எழுதிய சட்டத்தின் மேல் எங்கள் வீட்டில் ஒரு பற்று உண்டு. யார் எழுதியது, எந்த நாள் எழுதியது, எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிந்தால்தான் அது சட்டம். யாரும் எழுதாமல் எல்லோருக்கும் தெரிந்திருப்பது என்றாலே எனக்குப் பெரிய தெரு ஞாபகம் வரும். வக்கீலிடம் இதைச் சொல்லவில்லை. "விதிகளோட பிரதி இருந்தா குடுங்க, வார்த்தைகளைப் பாத்து வச்சுக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

கொடுத்தார். அன்று மாலை முழுக்கப் படித்தேன். நட்டம் அடைந்தவர் அந்த நட்டம் பெருகாமல் தன்னால் ஆனதைச் செய்ய வேண்டும் என்று ஒரு விதி. குறை கண்டால் நியாயமான காலத்துக்குள் மற்றவருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி. இருவரும் நாணயத்தோடு நடக்க வேண்டும் என்று ஒன்று. எல்லாம் நல்ல விதிகள். அதுதான் என்னை மேலும் உறுத்தியது. நியாயமான காலம் என்றால் எத்தனை நாள்? அதைச் சொல்லப்போவது யார்? நாணயம் என்றால் யாருடைய அளவுகோல்? படிக்கப் படிக்க எல்லாமே நடுவர் கையில்தான் போய் முடிந்தது.

மறுநாள் காலை நடுவரைக் குடோனில் பார்த்தேன். ஐரோப்பாவில் ஒரு நாட்டைச் சேர்ந்த வயதான பெண்மணி. உயரம், பருத்திச் சட்டை, வெயிலுக்குத் தொப்பி. ஆடவரை எதிர்பார்த்திருந்த வியாபாரி என் பக்கம் திரும்பி, "இந்தம்மாவா?" என்றார். அதையும் மொழிபெயர்க்க வேண்டுமா என்ற யோசனையோடு நான் பேசாமல் இருந்தேன். நடுவரே, "அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டார். "நடுவர் நீங்கள்தானா என்று கேட்கிறார்" என்றேன். "ஆம், நான்தான்" என்று அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

வாங்கியவர் மலேசியாவிலிருந்து தன் வக்கீலோடு வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். அவருடைய முன்னோர் கொள்ளிடக் கரையிலிருந்து, திருமானூர்ப் பக்கமிருந்து, போனவர்கள். நன்றாகத் தமிழ் பேசினார். ஆனால் சாட்சி ஆங்கிலத்தில்தான் சொல்வேன் என்று எழுதிக் கொடுத்திருந்தார். இதுவே வியாபாரிக்குச் சந்தேகப்படப் போதுமானதாக இருந்தது. "தமிழ் தெரிஞ்சவன் எதுக்குங்க இங்கிலீஷ்ல பேசணும்? நான் சொல்றது முழுக்க அவனுக்குப் புரியும், அவன் சொல்றது எனக்குப் புரியாது, அதானே கணக்கு?" என்றார் தன் வக்கீலிடம். அவர் சொன்னதில் தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

குடோனில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெங்காயத் தாளைக் கிள்ளித் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவர் குனிந்து ஒரு வெங்காயத்தை எடுத்து விரலால் அழுத்தினார், மோந்து பார்த்தார், வைத்துவிட்டார். எங்கே காய வைப்பீர்கள், மழை வந்தால் என்ன செய்வீர்கள், கன்டெய்னருக்குள் காற்றுப் போக வழி உண்டா என்று கேட்டார். வியாபாரி ஒவ்வொன்றுக்கும் நீளமாகப் பதில் சொன்னார். கிளம்பும்போது ஒரு சின்னப் பை நிறைய நல்ல வெங்காயமாகப் பொறுக்கி அவரிடம் நீட்டினார். நடுவர் கையை எடுத்துக் கும்பிட்டு, வாங்க முடியாது என்று சொல்லச் சொன்னார்.

வியாபாரியின் முகம் விழுந்துவிட்டது. நாங்கள் வண்டிக்கு நடக்கும்போது என் பக்கம் வந்து, "அந்தப் பக்கம் ஏற்கனவே பேசி முடிச்சிட்டாங்க போல" என்றார்.

"விசாரணை நடக்கும்போது யார்கிட்டயும் எதுவும் வாங்கக் கூடாதுங்க சார். அதான்."

"ஒரு கை வெங்காயங்க டீச்சர். அதுல என்ன இருக்கு?"

எனக்கும் நடுவர் மேல் சந்தேகம் இருந்தது, ஆனால் அது வேறு மாதிரி. யாரிடம் தேநீர் வாங்குகிறார், யார் பேசும்போது குறிப்பு எழுதுகிறார், யாரைப் பார்த்துப் புன்னகைக்கிறார் என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். இரு தரப்பையும் பார்த்து ஒரே அளவு புன்னகைத்தார். அதுகூட அவர் பழகி வைத்துக்கொண்ட ஒன்றாகத்தான் எனக்குப் பட்டது.

விசாரணை ஹைவேயை ஒட்டிய ஒரு ஹோட்டலின் ஹாலில் நடந்தது. ஏதோ கல்யாண ரிசப்ஷனுக்குக் கட்டிய சீரியல் பல்புகள் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்ப்பேன் என்று உறுதி சொன்னேன். வியாபாரி சாட்சி சொல்ல உட்கார்ந்தார்.

எதிர்த்தரப்பு வக்கீல், ஏற்றிய அன்று சரக்கு எப்படி இருந்தது என்று கேட்டார். வியாபாரி மழையைப் பற்றிச் சொன்னார். அதற்கு முந்தின நாட்களில் விட்டுவிட்டுத் தூறியது, களத்தில் காயப்போட முடியவில்லை, வேலைக்கு வந்த பெண்கள் சரியாகப் பரத்தவில்லை என்றார். பிறகு, "கொஞ்சம் ஈரம் இருந்துச்சுதான். கப்பல் தேதி நெருங்கிருச்சு. ஏத்தியாச்சு" என்றார்.

நான் ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்து நின்றுவிட்டேன்.

ஏத்தியாச்சு. தமிழில் இதைச் சொல்ல ஆள் தேவையில்லை. யார் ஏற்றியது, யார் ஏற்றச் சொன்னது என்று எதையும் சொல்லாமலே காரியம் முடிந்துவிடும். நாள் முழுக்க இப்படித்தான் பேசுகிறோம். சோறு வடிச்சாச்சு, பையனைச் சேத்தாச்சு, ஊரை விட்டு வந்தாச்சு. யாரும் குறுக்கே கேட்பதில்லை. ஆங்கிலத்தில் நான் ஒரு ஆளைப் போட்டால் அவர் சொல்லாததைச் சொன்னதாகும். ஆளே இல்லாமல் சொன்னால், யாரோ ஏற்றிவிட்டார்கள் என்று கேட்பவருக்குப் படும். சற்று முன் அவர் அந்தப் பெண்களைச் சொல்லியிருந்ததால் பழி நேராக அவர்கள் மேல் போய் விழும்.

நடுவரிடம், "இந்தச் சொல்லில் யார் செய்தது என்பது இல்லை. இப்படியே சொல்லலாம், அல்லது நீங்கள் அவரைக் கேட்கலாம்" என்றேன்.

"கேளுங்கள்" என்றார் நடுவர். "ஏற்றுவது என்று முடிவு செய்தது யார்?"

அதைத் தமிழில் கேட்டேன். "ஏத்தறதுன்னு முடிவு பண்ணுனது யாருன்னு கேக்கறாங்க."

வியாபாரி என்னை உற்றுப் பார்த்தார். எதிரே வாங்கியவர் நாற்காலியில் முன்னுக்கு வந்தார். அவருக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை, இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாந்தாங்க" என்றார் வியாபாரி. "பொம்பளைங்க ஈரமா இருக்குன்னு சொன்னாங்க. நாந்தான் ஏத்தச் சொன்னேன். பொறப்பட்டுப் போனா காத்துல காஞ்சிரும்னு நெனச்சேன்."

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். நடுவர் எழுதிக்கொண்டார்.

இடைவேளையில் கை கழுவப் போனபோது வாங்கியவர் அருகில் வந்து தமிழில் பேசினார். "நல்லாச் சொன்னீங்க. வேற ஆளா இருந்தா மழுப்பியிருப்பாங்க." நான் கையைத் துடைத்துக்கொண்டு விலகினேன். அதற்குள் ஹால் வாசலில் நின்ற வியாபாரி எங்களைப் பார்த்துவிட்டார்.

"என்னங்க டீச்சர், பாராட்டா?" என்றார், நான் அவரைக் கடந்தபோது. பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு என்மேல என்ன கோவம்? நம்ம தெருவுல நான் யாருக்காச்சும் ஏதாச்சும் பண்ணிருக்கனா?" என்றார்.

நம்ம தெரு என்று அவர் சொன்னது என் தெருவை.

"கோவமெல்லாம் இல்லைங்க சார். அந்தக் கேள்விய நடுவர்தான் கேட்டாங்க. நாளைக்கு அவர் சாட்சி சொல்லும்போதும் நான் இப்படியேதான் இருப்பேன்."

"பாக்கலாம்" என்றார்.

மறுநாள் வாங்கியவர் சாட்சி சொன்னார், ஆங்கிலத்தில். வியாபாரியின் காதருகில் உட்கார்ந்து நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கன்டெய்னர் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்த பிறகு ஏன் அதை உடனே எடுக்கவில்லை என்று சென்னை வக்கீல் கேட்டார். தன் குளிர்க் கிடங்கில் இடமில்லை என்றார். வேறு கிடங்கு தேடினீர்களா? தேடவில்லை. வெங்காயம் வந்துவிட்டது, எடுக்கத் தாமதமாகும் என்று அனுப்பியவருக்கு ஒரு போனாவது செய்தீர்களா? அவர் தன் வக்கீலைப் பார்த்தார். செய்யவில்லை என்றார். நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் வியாபாரி, "கேட்டீங்களா, ஒரு வாட்ஸ்அப்கூட இல்ல!" என்று எழுந்தேவிட்டார். நடுவர் கையை உயர்த்தி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தவர் என் பக்கம் திரும்பி, "இதை நல்லாச் சொன்னீங்களா? விட்டுடலையே?" என்றார். இதில் நான் தமிழுக்குத்தான் மாற்றுகிறேன், ஆங்கிலம் வாங்கியவர் வாயிலிருந்தே வந்தது என்று விளக்க வேண்டியிருந்தது.

பிறகுதான் வழக்கம் என்ற சொல் வந்தது.

இந்த வியாபாரத்தில் சரக்குக் கெட்டுப்போனால் போட்டோ எடுத்து அனுப்பி, இருவரும் நட்டத்தைப் பாதிப் பாதி ஏற்பதுதான் முறை என்று சென்னை வக்கீல் வாதிட்டார். அதற்காக வியாபாரியை மறுபடி உட்காரவைத்தார்கள். அவர், "எங்க யாவாரத்துல அதாங்க வழக்கம்" என்றார்.

இதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்லைப் போடுவது? நாங்கள் பொதுவாக இப்படிச் செய்வோம் என்றும் சொல்லலாம், எல்லோரையும் கட்டுப்படுத்தும் மரபு என்றும் சொல்லலாம். முதலாவதைச் சொன்னால் அவர் வாதம் அங்கேயே செத்துவிடும். இரண்டாவதைச் சொன்னால் பாதி ஜெயித்த மாதிரி. காலையில் டீ குடிப்பதும் வழக்கம்தான், பெரிய தெருவில் நாங்கள் நடக்கக் கூடாது என்பதும் வழக்கம்தான். எனக்கு அந்த இரண்டாவது சொல்லை வாயில் எடுக்கவே பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பது மொழிபெயர்க்கிறவளுக்குக் காரணமாகாது. தமிழ்ச் சொல்லை அப்படியே சொல்லி, அதற்கு இரண்டு பொருளும் உண்டு என்றேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஆட்சேபித்தார். நடுவர் அதைக் கேட்டுவிட்டு, வியாபாரியையே பார்த்துக் கேட்டார்: "இப்படிச் செய்யாத ஒருவரை நீங்கள் என்ன செய்வீர்கள்?"

வியாபாரிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "அவங்கிட்ட அப்புறம் எவனும் சரக்கு குடுக்க மாட்டான், வாங்க மாட்டான். மார்க்கெட்ல பேச்சு பரவிடும். ஒதுக்கிருவாங்க."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். நடுவர் தலையசைத்தார். அவருக்கு அது நல்ல பதிலாகப் பட்டிருக்கும். மீறினால் தண்டனை உண்டு என்றால் அது வெறும் பழக்கம் இல்லை. வியாபாரிகள் போலீஸ் இல்லாமல், கோர்ட் இல்லாமல், ஒதுக்கிவைப்பதைக் கொண்டே தங்களுக்குள் ஒழுங்கை வைத்துக்கொள்கிறார்கள் என்று விசாரணைக்கு முந்தின நாள் வக்கீல் கொடுத்த காகிதத்திலும் பெருமையாகத்தான் எழுதியிருந்தது. எனக்கு மளிகைக் கடைதான் தெரிந்தது.

தீர்ப்பு வர மாதங்கள் ஆயின. வியாபாரிக்குப் படித்துச் சொல்வதற்காக அதைத் தமிழாக்கும் வேலையும் எனக்கே வந்தது. என்னை நம்பவில்லை என்றாலும் வேறு ஆளை அவர் தேடவில்லை. இவளைப் பற்றியாவது தெரியும் என்று நினைத்திருக்கலாம்.

ஈரம் தெரிந்தும் ஏற்றியது அனுப்பியவரின் தவறு என்றது தீர்ப்பு. சரக்கு வந்ததும் திறந்து பார்க்காமல், சொல்லாமல், வேறு வழி தேடாமல் நட்டம் பெருக விட்டது வாங்கியவரின் தவறு. அதனால் இருவரும் நட்டத்தைப் பகிர வேண்டும், அனுப்பியவர் பங்கு சற்றுக் கூடுதல். பாதிப் பாதி என்ற வழக்கத்தை நடுவர் ஏற்கவில்லை. மலேசியாக்காரர் இந்த வியாபாரத்துக்குப் புதியவர், அப்படியொரு வழக்கம் அவருக்குத் தெரிந்திருந்தது என்று யாரும் காட்டவில்லை, தெரியாதவரை அது கட்டுப்படுத்தாது என்று எழுதியிருந்தார். ஒரு வழக்கம் நிற்க வேண்டுமானால் அது பரவலாகத் தெரிந்திருக்க வேண்டும், முறையாகப் பின்பற்றப்பட வேண்டும், மீறுவது தவறு என்று அந்த வட்டத்தில் கருதப்பட வேண்டும்.

இந்த வாக்கியத்தைத் தமிழாக்கிவிட்டு எழுந்து போய் மொட்டைமாடியில் நின்றேன். எங்கள் ஊர் வழக்கம் இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறிவிடும். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் பின்பற்றினார்கள். மீறினால் என்ன ஆகும் என்று நாங்களே பார்த்தோம்.

சென்னை வக்கீலுக்குப் போன் செய்தேன். வார்த்தைச் சந்தேகம் ஒன்று என்று ஆரம்பித்து, நேராகவே கேட்டுவிட்டேன். "ஒரு கெட்ட வழக்கம் இதுல பாஸ் ஆயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"புரியல மேடம்."

அக்கா கல்யாணத்தைச் சொன்னேன்.

"அது வேற மேடம், இது வியாபாரம்" என்றார் முதலில். பிறகு, "இல்ல, நீங்க கேக்கறது சரிதான்" என்றார். "அதே விதிகள்ல, நியாயமில்லாத வழக்கம் செல்லாதுன்னும் ஒரு வரி இருக்கு. ஆனா எது நியாயம்னு நடுவர்தான் சொல்லணும். அவங்க தப்பாச் சொல்லிட்டா, தீர்ப்பை அமல்படுத்த ஏதாவது ஒரு நாட்டுக் கோர்ட்டுக்குத்தானே வந்தாகணும்? அடிப்படை நீதிக்கு விரோதமா இருந்தா அந்தக் கோர்ட் முடியாதுன்னு சொல்லலாம்."

"அப்போ கடைசில ஒரு நாடு வேணும்."

"கதவைத் தட்டறதுக்கு வேணும்."

அந்தப் பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, முழுதாக இல்லை. தீர்ப்பின் அடிக்குறிப்புகளை மறுபடி பார்த்தேன். ஒரு நடுவர் இன்னொரு நடுவரை மேற்கோள் காட்டுகிறார், அவர் ஒரு பேராசிரியரை, அந்தப் பேராசிரியர் முதல் நடுவரை. ஆனாலும் தீர்ப்பில் ஓரிடத்தில் ஒரு வரி இருந்தது. ஈரத்துக்குக் காரணம் தரம் பிரித்த பெண்கள் என்ற வாதத்தை ஏற்கவில்லை, அவர்கள் எச்சரித்தார்கள் என்பதை அனுப்பியவரே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று. எந்த விதியின் கீழும் அதை எழுத வேண்டிய அவசியம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அந்த வரியைத் தமிழில் எழுத அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

குடோனில் உட்கார்ந்து வியாபாரிக்கு முழுவதையும் படித்துக் காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பெண்களைப் பற்றிய வரி வந்தபோது அவர்கள் இருந்த பக்கம் ஒரு முறை பார்த்தார். முடிந்ததும், "அவனுக்கும் குட்டு, எனக்கும் குட்டு" என்றார். "என் குட்டு கொஞ்சம் பெருசு. இதை எந்தச் சட்டப்படின்னு சொன்னீங்க?"

"எந்த நாட்டுதும் இல்லைங்க. பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து தொகுத்த விதிகள்."

"அதுல வெங்காய யாவாரி எவனாச்சும் இருந்தானா?"

"தெரியலிங்க சார். இருந்திருக்க மாட்டாங்க."

"அதானே பாத்தேன்."

நட்டத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். கோர்ட்டுக்கு யாரும் போகவில்லை. அடுத்த பட்டத்து அறுவடையின்போது வியாபாரி மறுபடி போன் செய்தார். மலேசியாக்காரர் மறுபடி சரக்குக் கேட்கிறார், புது ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார், வந்து படித்துச் சொல்ல வேண்டும் என்றார். கல்லூரி முடிந்து பெரம்பலூர் பஸ்ஸைப் பிடித்துப் போனேன்.

ஈரம் எவ்வளவு இருக்கலாம், வந்து சேர்ந்ததும் எப்போது திறக்க வேண்டும், யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்றெல்லாம் இந்த முறை தெளிவாக எழுதியிருந்தது. தகராறு வந்தால் நடுவர். சட்டம் எது என்ற இடத்தில், எந்த நாட்டுச் சட்டமும் இல்லை, சர்வதேச வியாபாரத்தின் பொது விதிகள் என்று இப்போது வேண்டுமென்றே எழுதியிருந்தது.

"நம்ம நாட்டுச் சட்டம்னு போடச் சொன்னேன், அவன் மாட்டேங்கறான். அவன் நாட்டுதுன்னா நான் மாட்டேன்" என்றார் வியாபாரி. "நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்? கையெழுத்துப் போடலாமா?"

"அதை உங்க வக்கீல்தாங்க சொல்லணும்."

"அவங்க போடலாம்னுட்டாங்க. நான் உங்களைக் கேக்கறேன். உங்களுக்குத்தான் இது மேல நம்பிக்கை இல்லன்னு அன்னிக்கே தெரிஞ்சுது."

நான் திகைத்துவிட்டேன். விசாரணையில் என் முகத்தில் எதுவும் தெரியவில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். "எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"வழக்கம்ங்கற வார்த்தைய எச்சில் முழுங்காம நீங்க ஒரு தடவகூடச் சொல்லலையே."

அவர் காரணம் கேட்கவில்லை. ஒருவேளை அவருக்கே தெரிந்திருக்கும். இந்தப் பக்கத்து ஊர்களில் அது தெரியாமல் வளர்ந்தவர் யாரும் இல்லை.

"எனக்கும் நம்பிக்கை இல்லிங்க" என்றார் அவர். "ஆனா என் மாதிரியே அவனுக்கும் இதுல நம்பிக்கை இல்ல. அது ஒண்ணு போதும்." பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஆளை அனுப்பிக் காபி வாங்கிவரச் சொன்னார், தரம் பிரிக்கும் பெண்களுக்கும் சேர்த்து. குடித்துவிட்டு, கடைசி அரியலூர் பஸ்ஸுக்கு நேரமிருக்கும்போதே கிளம்பினேன்.